கஸ்டம் கிட்டும் திருப்பருத்திக்குன்றத்தில் இறங்கிய சம்பந்திகளும்

ஐயம்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் உறையைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்காவது பாசம் உள்ள அக்கா கமலவேணிக்கு, தம்பி ஆதிகேசவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். தேவகி முட்டிவலியோடு சௌக்கியம். பிரியதர்ஷினி சௌக்கியமா, என்ன நிலைமையில் இருக்கிறாள் என்பது எனக்கே புரியாததால்தான் இவ்வளவு பெரிய காகிதத்தை எடுத்திருக்கிறேன். மாமா மாணிக்கவாசகத்துக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படிக்காதே, பாதியில் சிரித்துவிட்டு மீதியைக் கேட்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. கைலாசம் வீட்டார் அரக்கோணம் திரும்பியதும் நேராக உன் வீட்டுக்குத்தான் வந்திருப்பார்கள், நான்கு வீடு தள்ளித்தானே இருக்கிறார்கள். என்ன சொன்னார்களோ தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை வேறு ஊரில் இறக்கிவிட்டான், பையன் முதல் நாளே பெண்ணைக் கண்ணு என்று கூப்பிட்டான், வந்த சூட்டிலேயே தனிக்குடித்தனம் பேசினார்கள் என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். அக்கா, இதில் எதுவுமே பொய்யில்லை. ஆனால் எதுவுமே அவர்கள் நினைத்த மாதிரியும் இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பிரியா சென்னைக் கம்பெனியை விட்டுவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறாள் என்று போன தடவை கேட்டாய். ஏதோ ஆப் செய்கிறாள் என்றேன். அது தப்பில்லை, ஆனால் போதாது. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் ஓடுகிற ஷேர் ஆட்டோ எங்கே வந்துகொண்டிருக்கிறது, அதில் இடம் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாமாம், பட்டனைத் தொட்டால் ஆட்டோ நம் வாசலுக்கே வருமாம். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். வண்டி எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வரும்" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன். அதே கேள்விக்கு என் மகள் படம் போட்டுப் பதில் சொல்லப் போகிறாள் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஷேர் ஆட்டோ சங்கத்தின் செயலாளர் கிரேஸ் என்று ஒரு அம்மா, அவர்களே ஓட்டுகிறார்கள், குரல் ஹாரன் மாதிரி இருக்கும், அவர்கள்தான் பிரியாவிடம், "புதன்கிழமை சங்கத்துல எல்லாருக்கும் ஓட்டிக் காட்டும்மா, நல்லா இருந்துச்சுன்னா நாங்க எடுத்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்கள்.

ஆனால் ஆப்புக்குள் வரைபடம் வேண்டும். பெரிய கம்பெனிகளின் வரைபடத்தில் நம் சந்துகள் எல்லாம் இல்லை, இருப்பதும் முட்டுச்சந்தாக இருக்கிறது என்று பிரியாவும் அவளோடு படித்த பெண்களும் சேர்ந்து தாங்களே ஒன்று செய்தார்கள். அதற்கு எஸ்.டி.கே. என்று பெயர். டிப்போவுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வருமே, அதைப் பிரித்தால் இன்ஜின் வேலைக்கு வேண்டிய எல்லாச் சாமானும் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கிட். கம்பெனியிலிருந்து வாங்காமல் நாமே கடைந்து செய்துகொண்டால் அது கஸ்டம் எஸ்.டி.கே. இந்தக் கஸ்டம் என்கிற வார்த்தையால்தான் எங்கள் வீட்டில் முதல் குழப்பம் வந்தது. ஒரு நாள் தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பொண்ணு போன்ல யார்கிட்டயோ கஸ்டம் கஸ்டம்னு சொல்லிக்கினு இருக்குதுங்க. கஸ்டம் இல்லாம நம்மளால முடியாதுடின்னு சொல்லுது. நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

நான் உடனே மேலே போனேன். என்னம்மா கஷ்டம், அப்பாவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவள் திரும்பாமலேயே, "கிட்டுதான்பா. கிட்டு பக்கத்துலயே இருக்குது, இது காணோம்னு சொல்லுது" என்றாள். கிட்டைச் செய்வது ஒரு வேலையாம், அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு வேலையாம், இரண்டாவதுதான் பெரிய வேலையாம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவாரே நம் மாமா, அந்த மாதிரி இந்தக் கம்ப்யூட்டர் மடியிலேயே வைத்துக்கொண்டு காணோம் காணோம் என்கிறது. அதற்குப் பாதை சொல்ல வேண்டுமாம். அவள் சொல்கிற பாதையில் எல்லாம் அது போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிவப்பு எழுத்தில் இல்லை என்று காட்டிற்று. சில நாள் என்ன அதிசயமோ கிடைத்துவிட்டது என்று சொல்லும், அடுத்த முறை மறுபடி காணோம் என்று சொல்லும்.

சோதித்துப் பார்ப்பதற்கு என் போனை வாங்கிக்கொண்டாள். கயிற்றில் கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி அதை ஒயரால் கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்டாள். நான் வாக்கிங் போகும்போது மட்டும் அவிழ்த்துக் கொடுப்பாள். அப்படி ஒரு நாள் காலையில் நான் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருக்க, வீட்டில் தேவகி பிரியாவின் திரையைப் பார்த்திருக்கிறாள். அதில் நான் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் இருந்திருக்கிறேன். கிட் கிடைக்காவிட்டால் எல்லா எண்ணும் பூஜ்யமாகிவிடுமாம், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமானால் வருகிற இடம் அந்தக் கடல்தானாம். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிறேன், தேவகி என் வேட்டியைத் தொட்டுப் பார்க்கிறாள், நனைந்திருக்கிறதா என்று. "மனுஷன கடல்ல போட்டுட்டியேடி" என்று பிரியாவை ஒரு பிடி பிடித்துவிட்டாள். அம்மா பயப்படுகிறாளே என்று, கிட் கிடைக்காத நேரத்தில் கடலைக் காட்டாமல் ஏதாவது ஒரு நல்ல இடத்தைக் காட்டட்டும் என்று திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலை அதில் போட்டு வைத்தாள் பிரியா. அவள் செய்ததில் தப்பில்லை. கோயில்தானே.

இந்தச் சமயத்தில்தான் நீ கைலாசத்தின் மகன் சரத்குமார் ஜாதகத்தை அனுப்பினாய். பையனுக்குப் பூனாவில் வேலை, அவனும் போனுக்கு ஆப் எழுதுகிறவன்தான், நல்ல குடும்பம், எல்லாம் பொருந்துகிறது. நான் மெதுவாகப் பிரியாவிடம் பேச்செடுத்தேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைத்துப்போன முகத்தோடு, "இந்தக் கிட்டு மட்டும் ஓடிடுச்சுன்னா நான் இங்கயே இருந்து என் வேலையப் பாக்குறேன்பா, கல்யாணப் பேச்ச கொஞ்ச நாளைக்கு எடுக்காத. ஓடலன்னா நீ சொல்ற ஆளுக்குக் கழுத்த நீட்டுறேன், பூனாவோ எங்கயோ போறேன்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. அவள் திரும்பவும் சிவப்பு எழுத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா, அன்றைக்கு நான் சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாள் முன்னால் நின்றேன். கையைக் கூப்பிவிட்டேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை. கிட் ஓடக்கூடாது என்று கேட்டால் கல்யாணம் நடக்கும், பெண்ணின் முகம் வாடிவிடும். கிட் ஓடவேண்டும் என்று கேட்டால் முகம் மலரும், நீ என்னைச் சும்மா விடமாட்டாய். பின்னால் நின்றவர் "நகருங்க சார், சேவிச்சாச்சு இல்ல" என்றார். எதுவும் கேட்காமலேயே துளசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் நடந்ததை எல்லாம் பார்க்கும்போது, கேட்காமல் வந்ததுதான் பிசகோ என்று தோன்றுகிறது. என்ன கொடுப்பது என்று தெரியாமல் பெருமாள் எல்லாவற்றையும் கலந்து கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ரயிலில் வருகிறார்கள் என்று நீ சொன்னாய். அன்று காலை பிரியாவின் கம்ப்யூட்டரில் கிட் கிடைத்துவிட்டது என்று பச்சை எழுத்து வந்திருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். கைலாசம் ரயில்வேயில் இருந்தவர், நான் பஸ்ஸில் இருந்தவன், நம் பெண்ணின் ஆட்டோ ஏற்பாட்டைப் பார்த்து அவர் அசந்துபோகட்டும் என்று ஒரு சின்ன ஆசையில், நானே என் போனில் அந்தப் பட்டனைத் தொட்டுவிட்டேன். ஏறும் இடம் காஞ்சிபுரம் ஸ்டேஷன், இறங்கும் இடம் ஆதிகேசவன் வீடு. சோதனைக்காகப் பிரியா ஆப் போட்டுக் கொடுத்திருந்த கிரேஸ் அம்மாவின் போனில் மணி அடித்தது. அவர்களும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்கள். நான் தொட்ட பிறகு பச்சை எழுத்து மறுபடியும் சிவப்பாகிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும். கிட் காணாமல் போன கணத்தில் என் வீடும் காணாமல் போய், திருப்பருத்திக்குன்றம் வந்து உட்கார்ந்துவிட்டது.

கிழக்கே வரவேண்டியவர்கள் மேற்கே போய்விட்டார்கள். கோயில் வாசலில் ஆட்டோ நின்றதும் கைலாசத்தின் சம்சாரம் கிரேஸ் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள், வீடு எங்கே என்று. கிரேஸ் அம்மா போனைக் காட்டி, "இதாம்மா சொல்லுது. கோயில்ல வெச்சிப் பொண்ணு காட்டுவாங்க போல, எங்கள்ல கூட சர்ச்சில வெச்சிதான் பாப்போம்" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். கோயில் பக்கத்து வீட்டில் ஒரு சமணக் குடும்பம், பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்திருக்கிறது. கோயில் மேல்கூரையில் இருக்கிற ஓவியங்களை எல்லாம் காட்டியிருக்கிறார்கள். பேச்சுவாக்கில் தங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்ப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கைலாசத்தின் சம்சாரம் அவர்களைப் பெண் வீட்டு உறவுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, அப்படியானால் பெண் வீடும் இந்த நெறிதான் போலிருக்கிறது, கமலவேணி நம்மிடம் சொல்லவே இல்லையே என்று மனதில் வைத்துக்கொண்டார்கள். சரத்குமார்தான் சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்தார். என் போன் ஒயரில் இருந்ததால் பிரியா எடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான்.

"ஹலோ, நாங்க பொண்ணு பாக்க வந்தவங்க. ஒரு கோயில்ல இருக்கோம்."

"எந்தக் கோயில்?"

"திருப்பருத்திக்குன்றம்."

பிரியா திரும்பித் திரையைப் பார்த்துவிட்டு, "அப்ப கிட்டு லோடு ஆகல" என்றாள்.

அவர் மறுமுனையில், "டீஃபால்ட் லொகேஷனா?" என்று கேட்டாராம். கிட் கிடைக்காதபோது காட்டச் சொல்லி வைக்கிற இடத்துக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயராம். பெண் பார்க்க வந்த பையன் வழி தப்பினால் கோபப்படுவான் அல்லது சிரிப்பான். இவர் ஏதோ வைத்தியர் மாதிரி நோயை விசாரித்திருக்கிறார். அதைப் பிறகு பிரியா தன் தோழியிடம் சொன்னபோது கேட்டேன்.

ஒருவழியாக அவர்கள் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தேவகி வெங்காய பஜ்ஜியோடு தயாராக இருந்தாள். கைலாசத்தின் சம்சாரம் தட்டைப் பார்த்ததும் திடுக்கிட்டு, தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக உங்க வழக்கத்த விடாதீங்கம்மா, நாங்க அப்படி எதிர்பாக்கிறவங்க இல்ல" என்று உருகினார்கள். தேவகிக்கு ஒன்றும் புரியவில்லை. பஜ்ஜி போடுவது நம் வழக்கம் இல்லை என்று யார் சொன்னது என்று விழித்துக்கொண்டே, மரியாதைக்குச் சரிங்க என்று தட்டை உள்ளே எடுத்துப்போய்விட்டாள். கைலாசம் மட்டும் தட்டு போகிற வழியில் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர்.

பிரியா புடவை கட்டி, பூ வைத்து, காபியோடு வந்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்ததும் சரத்குமார், "கிட்டு எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவள், "மாடில வந்து பாக்கிறீங்களா" என்றாள். பேசிக்கொள்ளட்டும் என்று நாங்களே சொல்ல நினைத்திருந்ததுதான், ஆனால் நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் படியேறிவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. நான் கௌரவமாகக் கீழே உட்கார்ந்திருக்க முடியாமல், தண்ணீர் கொண்டுபோவது, காபி கொண்டுபோவது, டம்ளரை எடுத்து வருவது என்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். அதனால் மேலே நடந்ததும் எனக்குத் தெரியும், கீழே அது எப்படிக் கேட்டது என்பதும் தெரியும். அந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் அக்கா, ஆனால் இடையில் புகுந்து விளக்கம் சொல்ல எனக்கு விஷயம் புரியவில்லை.

முதலில் கண்ணு விஷயம். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியபோது கடையில் பெயர் போடச் சொன்னார்கள். நான் பெருமையாகத் தமிழில் "பிரியா கண்ணு" என்று போடச் சொன்னேன். அவள் உள்ளே வைக்கிற சாமானெல்லாம் அந்தப் பெயரில் ஒரு அறைக்குள்தான் போய் உட்காருமாம். மற்ற கிட் எல்லாம் தங்களுக்கென்று வேறு இடம் பார்த்துக்கொண்டன, இவள் செய்த கிட் மட்டும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறது. அதைத் தேடிப் போகிற கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து புரியாது, இரண்டு வார்த்தைக்கு நடுவில் இடைவெளி விட்டால் அங்கேயே பாதை முடிந்துவிட்டது என்று நின்றுவிடுமாம். இத்தனை நாளும் ஒவ்வொரு வழியாகப் பார்த்த பிரியா, தன் பெயரை மட்டும் பார்க்கவே இல்லை. தினமும் பார்க்கிற பெயர் அல்லவா, கண்ணில் படாது. சரத்குமார் வந்து உட்கார்ந்ததும் சத்தமாகப் படித்தார்.

"பிரியா கண்ணு."

அவள் "என்ன?" என்றாள்.

"இல்ல, பிரியா கண்ணு. இதுதான் ப்ராப்ளம். பிரியா கண்ணு இருக்கிற வரைக்கும் ஓடாது."

கீழே கைலாசத்தின் சம்சாரம் காபி டம்ளரை வைத்த சத்தம் எனக்குப் படிக்கட்டில் கேட்டது. "பெத்த அம்மாவ ஒரு நாளு கண்ணுன்னு சொன்னதில்ல" என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். நான் இறங்கிப் போய், கண்ணு நான் வைத்தது என்றேன். அவர்கள் அதைக் கேட்டு இன்னும் குழம்பிவிட்டார்கள். பையனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

அடுத்தது தனிக்குடித்தன விஷயம். கிட்டை அந்த அறைக்குள் வைத்திருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்த அறையை அவர்கள் பாஷையில் ஹோம் என்கிறார்கள். மேலேயிருந்து பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக விழுந்தது.

"ஹோம்ல இருக்கிற வரைக்கும் இது சரிப்படாது. வெளிய வந்துடணும்."

"தனியா வெச்சிடலாமா?"

"தனியாத்தான் வெக்கணும். வீட்டுப் பேரே அதுல வரக்கூடாது."

"அம்மாகிட்ட எல்லாம் கேக்க வேணாம் இல்ல?" இது பிரியா. கிட்டை வைப்பதற்காக, மாடி அலமாரியில் தேவகி துணியில் சுற்றி வைத்திருந்த பழைய டிஸ்க் ஒன்றை எடுக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு? எடுங்க, பாத்துக்கலாம்."

கைலாசத்தின் சம்சாரம் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். "இன்னும் பொண்ணு கால்ல மெட்டி ஏறல. அதுக்குள்ள தனிக்குடித்தனம் பேசறாங்க" என்றார்கள். கைலாசம் பஜ்ஜியை மென்றுகொண்டே, "பேசட்டுமே, நாமளும் அப்படித்தான வந்தோம்" என்றார். "அது வேற" என்று அந்தம்மா சொன்ன விதத்தில் தேவகி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கும் போக வேண்டும் போல்தான் இருந்தது, ஆனால் என் வீடாயிற்றே.

கடைசியாக நான் காபியோடு படியேறுகிறேன். அப்போது கேட்டதை அப்படியே எழுதுகிறேன் அக்கா, ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பிரியா: "அக்செப்ட் பண்ணிட்டேன்."

சரத்குமார்: "எல்லாத்தையுமா? படிச்சிப் பாத்தீங்களா?"

பிரியா: "யாரு படிக்கிறா அதெல்லாம். முழுசா அக்செப்ட் பண்ணிட்டேன்."

சரத்குமார்: "சிக்னேச்சர்?"

பிரியா: "மேட்ச் ஆயிடுச்சு."

டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தால் பிரியா சிரித்துக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டு, தோள் குலுங்க. அக்கா, அவள் சென்னையிலிருந்து வந்த நாள் முதலாக இப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்தச் சமயம் வாசலில் கிரேஸ் அம்மாவின் போன் அடித்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக ஹாலுக்குள் வந்து, "சார், இப்ப வந்துடுச்சு சார் உங்க வூடு. காலைல எங்க போயிருந்துச்சோ தெரியல" என்று போனைக் காட்டினார்கள். அதில் சின்னதாக ஒரு புள்ளியும் பக்கத்தில் ஆதிகேசவன் என்று என் பெயரும் இருந்தது. நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பெண்ணும் சம்மதித்துவிட்டாள், கிட்டும் ஓடிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆனால் போகும்போது அந்தம்மா, "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரத்குமார் மட்டும் ஆட்டோவில் ஏறின பிறகும் தலையை வெளியே நீட்டி, "ரிலீஸ் பில்டு எடுக்கறப்ப கூப்பிடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு நான் நேராகவே பிரியாவைக் கேட்டேன். "அக்செப்ட் பண்ணிட்ட இல்லம்மா?" "பண்ணிட்டேன்பா. அதுக்கு அப்புறம்தான எல்லாம் ஓடுது" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்வாள். ஆனால் கிட் ஓடினால் கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று சொன்னவளும் இவள்தான். கிட் ஓடியது. அப்படியானால் எடுக்கக் கூடாது. ஆனால் அக்செப்ட் பண்ணிவிட்டாள். அப்படியானால் எடுக்கலாம். கிட் ஓடியதால் அக்செப்ட் பண்ணினாளா, அக்செப்ட் பண்ணியதால் கிட் ஓடிற்றா என்று தேவகியிடம் கேட்டேன். "எனக்கு முட்டி வலிக்குது" என்றாள்.

சரி, பெண் வாயால் சொல்லிவிட்டாள் என்று நான் வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிற மண்டபத்துக்காரரிடம் தை மாதத்துக்கு வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தேவகியின் தம்பிக்கும் சொல்லியாயிற்று. எதிர்வீட்டுக்காரர் அவராகவே தெரிந்துகொண்டார். ஆகவே அக்கா, நீ கொஞ்சம் கைலாசம் வீட்டுக்கு நடந்துபோய், நாங்கள் தாராளமாக வெங்காயம் சாப்பிடுகிறவர்கள் என்றும், கண்ணு என்பது கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பெயர் என்றும், தனியாக வைக்கப் போவது கிட்டை மட்டும்தான், சரத்குமார் அம்மாவை விட்டு எங்கும் போகமாட்டார் என்றும், கோயிலில் இறக்கியது பெருமாள் சத்தியமாக வேண்டுமென்று செய்ததில்லை என்றும் எடுத்துச் சொல்லி, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எழுத வேண்டும். அந்தம்மா கேட்கவில்லை என்றால் கைலாசத்திடம் சொல். அவருக்கு நம் வீட்டுப் பஜ்ஜி பிடித்திருந்தது.

பெரியவர்கள் யாரும் இல்லாத குறைக்கு நமக்கு நீயே பெரியவள். உன் வாக்குப் பலிக்கட்டும், மாமாவின் உடம்பு தேறட்டும், இரண்டு வீட்டிலும் நல்ல காரியம் நடந்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் சீக்கிரம் வரட்டும். தேவகியின் நமஸ்காரமும் பிரியாவின் அன்பும் இதோடு. பிரியாவுக்கு நான் எழுதுவது தெரியாது, ஆனால் தெரிந்தால் அன்பைச் சொல்லச் சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்கு என்றும் அடங்கிய தம்பி,
ஆதிகேசவன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. உறை வாங்க மறந்து, கடிதம் மேஜைமேலேயே கிடந்ததில் பிரியா படித்துவிட்டாள். மேலே எழுதியதில் எதையும் கைலாசம் வீட்டில் போய்ச் சொல்லாதே. அவள் அக்செப்ட் பண்ணியது கிட்டோடு வருகிற நிபந்தனைப் பக்கங்களையாம். அதற்குச் சம்மதம் என்று தொடாவிட்டால் மேலே ஓடாதாம். சிக்னேச்சர் என்பதும் ஏதோ சாவியாம், ஆட்கள் சம்பந்தப்பட்டது இல்லையாம். புதன்கிழமை சங்கத்தில் ஆப் நன்றாக ஓடிற்று, கிரேஸ் அம்மா முன்னால் நின்று எல்லோரையும் சரி என்று சொல்ல வைத்துவிட்டார்கள். ஆகவே பிரியா சொன்ன கணக்குப்படி கல்யாணப் பேச்சு கிடையாது. நான் மண்டபத்துக்காரரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் வாசலில் சரத்குமாரின் செருப்பு. பூனா வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாராம், மீதி நோட்டீஸ் நாட்களை வீட்டிலிருந்தே முடிக்கலாமாம், இனிமேல் தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து நம் மாடியில் உட்கார்ந்து பிரியாவோடு வேலை பார்ப்பாராம். பிரியா அவரை வேலைக்கு எடுத்திருக்கிறாள். அவர் அம்மா தேவகிக்குப் போன் செய்து, "பூனால இருந்த புள்ளைய உங்க பொண்ணு எங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டா" என்று அழுதார்களாம். அதோடு பிரியாவின் நட்சத்திரத்தை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்களாம். எதற்கு என்றதற்கு, சும்மாதான் என்றார்களாம். அவர் நமக்கு யாரம்மா என்று நான் பிரியாவைக் கேட்டேன். "இப்போதைக்கு ஸ்டாஃப்தான்பா" என்றாள். அந்த இப்போதைக்கு என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு மண்டபத்துக்காரரிடம் மறுபடி போகலாமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தேவகி வந்து என் காதில் கேட்டாள், "மாப்பிள்ளைன்னா எல போடணும், வேலைக்கு வந்தவருன்னா தட்டு வெக்கணும், இன்னா பண்றது சொல்லுங்க." எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளே போய்த் தட்டை வைத்து, அதன்மேல் அளவாக வாழை இலையை வெட்டிப் போட்டுப் பரிமாறிவிட்டாள். அவரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.